கயிறு தொய்வாக இருக்கட்டும்

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் நாய் வளர்ப்பவருக்கு, மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை உண்டு. நெசவுத் தெருக்களில் வெயில் ஏறுவதற்கு முன் பட்டுப் பாவைத் தெருவிலேயே நீட்டி விரித்து, இழை சரிபார்த்துச் சுற்றி எடுப்பார்கள். ஒரு சேலைக்கே ஆறு மீட்டர் வேண்டும். இரண்டு மூன்று சேலைக்குச் சேர்த்துப் போட்ட பாவு என்றால் நாலைந்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நீளும். நம் கண்ணுக்கு அது ஒரு குடும்பத்தின் பல நாள் பிழைப்பு. நாயின் கண்ணுக்கோ குனிந்து நுழையத் தோதான ஒரு நீளப் பந்தல், அதன் முனையில் காலைத் தூக்குவதற்கென்றே நட்டுவைத்த ஒரு கம்பம்.

“நாயை அந்தாண்ட புடிங்க தம்பி, பாவு போட்டிருக்கு” என்று திண்ணையிலிருந்து குரல் வரும். உடனே நாம் கயிற்றை வெடுக்கென்று சுண்டுவோம். கழுத்தில் இழுபட்ட நாய் அதற்கு எதிர்ப்பக்கம் முட்டும். பாவை விட்டு விலக்கத்தான் இழுத்தோம், ஆனால் அது பாவைப் பார்த்தே பாயும். இந்த ஒரு நிமிடத்தைச் சமாளிக்கத் தெருவில் வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. அதற்கு முன்பே, வீட்டுக்குள்ளும் மொட்டை மாடியிலும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் போக முடிகிறது, அவ்வளவுதான். குப்பைத்தொட்டி வாசனை அடிக்கிறது, இழுக்கிறது, நாமும் பின்னாலேயே போகிறோம். ஒவ்வொரு முறையும் ‘இழு, கிடைக்கும்’ என்று நாமே பாடம் நடத்துகிறோம். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898இல் பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்துவைத்துப் பார்த்தார். எந்தச் செயலால் கதவு திறந்து மீன் கிடைத்ததோ அந்தச் செயலைப் பூனை வரவர வேகமாகச் செய்தது. பயனில்லாதவை தாமாக உதிர்ந்தன. நாய்க்கும் இதே கணக்குத்தான். இழுத்தால் ஒரு அடிகூட நகர முடியாது, கயிறு தொய்ந்தால் உலகமே திறக்கும் என்று கணக்கை மாற்றிப் போடுவதுதான் இந்த அத்தியாயத்தின் முழு வேலை. நாய் மாறுவதற்கு முன் மாற வேண்டியவை உங்கள் கால்கள்.

இந்த இடத்தில் பலர் வேறு ஒன்று சொல்வார்கள்: “நாய் முன்னால் போனால் அது தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொள்ளும், அடக்கி வை.” இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்குச் சண்டையிடுவதாக எழுதினார். டேவிட் மீச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மீச், கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தபின், 1999இல் அதைத் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். ஆக, உங்கள் நாய் முன்னால் ஓடுவது பதவி ஆசையால் அல்ல. அதற்கு நாலு கால், நமக்கு இரண்டு. நம் நடை அதற்கு மிக மெதுவானது.

முதலில் கடைக்குப் போவோம். நம் பக்கத்தில் நாய் என்றாலே இரும்புச் சங்கிலி என்று ஆகிவிட்டது. சங்கிலியின் எடையே எப்போதும் கழுத்தை இழுத்துக்கொண்டிருப்பதால், தொய்வு எது, இறுக்கம் எது என்று நாய்க்குப் புரிவதில்லை. நைலான் கயிறு கையை அறுக்கும். பொத்தானை அமுக்கினால் நீளும் சுருள்கயிறு இன்னும் மோசம். அது எப்போதும் லேசான இழுவிசையிலேயே இருக்கும், அதாவது இழுத்தால் நீளம் கிடைக்கும் என்றே கற்றுக்கொடுக்கும். ஆறடி நீளத்தில் பருத்தி அல்லது கான்வாஸ் பட்டைக் கயிறு வாங்குங்கள். கழுத்துப் பட்டை அகலமாக இருக்கட்டும், உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருந்தால் போதும். முள் பட்டையையும், இழுத்தால் இறுகும் சுருக்குச் சங்கிலியையும் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துப் பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்றும், மார்புப் பட்டையில் அப்படி ஏறவில்லை என்றும் 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூச்சுக்குழல் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம், இழுக்கும் நாய் இருமுவதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பலமாக இழுக்கும் நாய்க்கு ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டை நல்லது. கயிற்றை மாட்டும் வளையம் மார்பின் முன்பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் நாய் மார்பு முழுவதையும் கொடுத்து இழுக்கும்.

நம் ஊர் இனங்களுக்குத் தனிக் குறிப்பு. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் நாய்கள். அவற்றின் தலை ஒடுக்கம், கழுத்து அதைவிடப் பருமன். பின்னோக்கி ஒரு திமிறு திமிறினால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். அவற்றுக்கு நாலு விரல் அகலப் பட்டையோ நல்ல மார்புப் பட்டையோ தேவை. ராஜபாளையத்தில், வெள்ளைத் தோலோடு சேர்ந்து வரும் காது கேளாமை சில குட்டிகளுக்கு இருக்கும். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். காதுகூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ‘பிடிவாதம்’ என்று அடிவாங்கும் நாய்களில் சில உண்மையில் செவிடு. அவற்றுக்குச் சொல்லுக்குப் பதில் கைச்சைகை. மற்றபடி முறை ஒன்றுதான்.

இனி கூலி. பிஸ்கட் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது, வயிறும் நிறைந்துவிடும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகத்தளவு கிள்ளி வையுங்கள். சைவ வீடு என்றால் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தேங்காய்ச் சில்லு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. குழம்பில் கிடந்த கறியை எடுத்துப் போடாதீர்கள், அதில் வெங்காயச் சாறு ஊறியிருக்கும். பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த லாப்ரடாரும் கற்றுக்கொள்ளும், ஏனென்றால் லாப்ரடாருக்கு வயிறு நிறைவதே இல்லை. மற்ற நாய்கள் அப்படியில்லை.

முதல் பாடம் கூடத்தில், கயிறே இல்லாமல். எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இடப்பக்கம்தான் சரி என்பது போலீஸ், ராணுவப் பழக்கத்திலிருந்து வந்தது. நமக்கு அது வேதமல்ல. நடைபாதை இல்லாத நம் சாலையில், எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு. அப்படியானால் நாய் உங்கள் வலப்பக்கம், வண்டிக்கு அப்பால் இருக்கவேண்டும். ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு வீட்டில் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள்.

கூடத்தில் நாலு அடி நடங்கள். நாய் தானாக உங்கள் காலருகே வந்ததும் “சரி” என்று சொல்லி, தொடையை ஒட்டிக் கையை இறக்கி, அங்கேயே துண்டைக் கொடுங்கள். கையை நீட்டி முன்னால் கொடுத்தால் நாய் உங்கள் முன்னால் வந்து குறுக்கே நிற்கப் பழகிவிடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: கூலி கொடுக்கும் இடம்தான் நாய் நிற்கப்போகும் இடம். ‘சரி’ என்ற சொல்லுக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு நொடிக்கு மேல் போகக்கூடாது. கேரன் பிரையர் என்பவர் டால்பின்களுக்கு விசில் அடித்துப் பயிற்சி தந்தவர். அந்த முறையை நாய் வளர்ப்போரிடம் பரப்பியதில் 1984இல் வந்த அவருடைய நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. விசிலுக்குப் பதில் ‘டக்’ என்று ஒலிக்கும் சின்னக் கருவியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆரணித் தெருவில் அது வேண்டாம் என்பது என் கட்சி. தறி ஓடும் வீட்டருகே அந்தச் சத்தம் எடுபடாது. வாயால் சொல்லும் ‘சரி’ போதும்.

கூடத்தில் நாய் நிழலாகப் பின்தொடர ஆரம்பித்ததும் மொட்டை மாடி. இப்போது கயிறு மாட்டுங்கள். கயிற்றின் நுனி ஒரு கையில், நடு இன்னொரு கையில். கைகள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். கயிறு உங்களுக்கும் நாய்க்கும் நடுவே தாழ்ந்து தொங்கவேண்டும், கொக்கி செங்குத்தாகத் தரையைப் பார்க்கவேண்டும். கொக்கி படுக்கையாகத் திரும்பிவிட்டால் கயிறு இறுகிவிட்டது என்று பொருள். அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

கொக்கி திரும்பியது, நின்றுவிடுங்கள். பின்னுக்கு இழுக்காதீர்கள், சுண்டாதீர்கள், பெயர் சொல்லிக் கெஞ்சாதீர்கள். சும்மா நில்லுங்கள். நாய் முன்னால் முட்டும், முனகும், குரைக்கும், உட்காரும். பின்பு ஏதோ ஒரு கணத்தில் ‘என்ன ஆயிற்று இந்த மனுஷனுக்கு’ என்று திரும்பிப் பார்க்கும். அப்போது கயிறு ஒரு விரல் அளவு தொய்யும். அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தோம். “சரி” சொல்லி உடனே நடங்கள். முதல் நாட்களில் நடப்பதைவிட நிற்பதே அதிகமாக இருக்கும். மாடியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகப் பத்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும். அதனால்தான் தெருவில் ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். காந்தி ரோட்டில் நட்டநடுவே சிலையாக நிற்க யாருக்கும் பொறுமை வராது. பார்க்கிறவர்கள் வேறு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

சில நாய்கள் நின்றாலும் இழுத்துக்கொண்டே நிற்கும், கட்டிப்போட்டே வளர்ந்த நாய்கள் குறிப்பாக. நாள் முழுக்கச் சங்கிலியின் கடைசி முனையில் நின்று பழகிய நாய்க்குக் கழுத்தில் இறுக்கம்தான் இயல்பு. அதற்கு நிற்பதை விட்டுத் திரும்பும் முறை. கயிறு இறுகப்போகிறது என்று தெரிந்ததும், இறுகுவதற்கு முன்பே, “வா” என்று ஒருமுறை சொல்லி எதிர்த்திசையில் நடங்கள். நாய் ஓடிவந்து உங்கள் தொடையருகே சேரும்போது கூலி. எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாததால் அது உங்களைக் கவனிக்கத் தொடங்கும். அத்துடன், கட்டிப்போட்ட நாயை அவிழ்த்த கையோடு நடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதலில் மாடியிலோ சுற்றுச்சுவருள்ள மனையிலோ கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அடைத்துவைத்த வேகத்தை வைத்துக்கொண்டு எந்த நாயும் நாகரிகமாக நடக்காது.

வாசல் ஒரு தனிப் பாடம். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்த சத்தம் கேட்டதும் நாய் குதிக்கும். அந்தக் கூத்தோடேயே மாட்டிக் கதவைத் திறந்தால், கூத்துக்குத்தான் கதவு திறந்தது என்று எடுத்துக்கொள்ளும். கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அடங்கியதும் மறுபடி எடுங்கள். கதவைத் திறக்கும்போது முன்னே பாய்ந்தால் கதவை மூடுங்கள். இதைச் செய்ய ஒரு காலை நேரம் முழுதும் போகலாம். அன்று நடையே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தெருவுக்கு வந்தபின் கறித்துண்டு மட்டும் போதாது, ஏனென்றால் தெருவில் அதைவிடப் பெரிய விருந்து இருக்கிறது: மோப்பம். நேற்று இரவு அந்த விளக்குக் கம்பத்துக்கு யார் யார் வந்துபோனார்கள் என்பது நாய்க்குக் காலைச் செய்தித்தாள். அதைத் தடுக்காதீர்கள், கூலியாகக் கொடுங்கள். பத்து அடி தொய்ந்த கயிற்றோடு நடந்தால் “போய் மோந்துக்கோ” என்று கம்பத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். இழுத்தால் கம்பம் கிடைக்காது, ஒழுங்காக நடந்தால் கிடைக்கும். நாள்பட நாள்படத் துண்டுகளைக் குறைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி இடைவிட்டுக் கொடுங்கள். மோப்பத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

பாவு விரித்த தெருவுக்கு இப்போது வரலாம். பாவு போடும் நேரம் தெரிந்தால் அந்த நேரத்தில் அந்தத் தெருவைத் தவிர்ப்பதே மரியாதை. வேறு வழியில்லை என்றால், தெருமுனையிலேயே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, பாவுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் வருகிற மாதிரி மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கயிற்றைச் சுருக்குவது வேறு, இறுக்குவது வேறு. சுருக்கிய பிறகும் கொக்கி தரையைப் பார்க்கவேண்டும். தொடையருகே துண்டுகளை இரண்டு அடிக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே கடந்துவிடுங்கள். கம்பத்தருகே நிற்கவே கூடாது. ஆண் நாய் என்றால் தெருவுக்குள் நுழையும் முன்பே வேறு இடத்தில் அதன் வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

தெருநாய்கள்தான் உண்மையான தலைவலி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை. அவற்றைக் கண்டதும் நாம் கயிற்றை இறுக்குவோம். இறுகிய கயிறு நம் நாயின் தலையையும் மார்பையும் உயர்த்தி, கண்ணுக்குக் கண் முறைக்கிற தோரணையில் நிறுத்திவிடும். எதிரே நிற்கும் நாய் அதைச் சண்டைக்கு அழைப்பாகப் படிக்கும். நேருக்கு நேர் போகாமல் அகலமாக வளைந்து போங்கள். நாய்கள் தங்களுக்குள் மரியாதையாகச் சந்திப்பதும் அப்படித்தான். வளைய இடமில்லையா, வந்த வழியே திரும்புங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒன்று துரத்திக்கொண்டு வந்தால் கையில் இருக்கும் துண்டுகளை ஒரு பிடி அள்ளி அதன் முகத்துக்கு முன் தரையில் இறைத்துவிட்டு விலகுங்கள். கல்லெடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும், நாளைக்கும் அதே தெருவில்தானே நடக்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசியும் போட்டபின்தான் இந்தத் தெருக்களில் இறங்கவேண்டும், பிறகு ஆண்டுதோறும் ஒன்று போடவேண்டும். ஜூலை 6ஆம் தேதியை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம். 1885இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய் ஊசி போட்ட நாள் அது.

“என் நாய் ஒன்றும் செய்யாது” என்று கயிறில்லாமல் விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் கயிறில்லாத இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதன்பின் சென்னை மாநகராட்சி உரிமம், கயிறு, வாய்மூடி என்று விதிகளை இறுக்கியது. ஆரணிக்கு மாநகராட்சி விதி பொருந்தாது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் உண்டு: வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் காலை ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையேல் இருட்டியபின். கமண்டல நாகநதி மணலாகக் கிடக்கும் நாட்களில் ஆற்றோரம் நல்ல இடம், கண்ணாடிச் சில்லுகளை மட்டும் பார்த்து நடங்கள்.

வீட்டில் நாலு பேர் நாயைக் கூட்டிப்போகிறார்கள், மூன்று பேர் நிற்கிறார்கள், தாத்தா மட்டும் அது இழுத்த இழுப்புக்குப் போகிறார் என்றால் என்ன செய்வது? எப்போதாவது கிடைக்கும் வெற்றி எப்போதும் கிடைப்பதைவிட நாயை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், சூதாட்டக்காரனுக்கு ஆவது போல. தாத்தாவோடு சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டு உடை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குக் கழுத்துப் பட்டை, தாத்தா போகும்போது மார்புப் பட்டை. எந்த உடைக்கு எந்தச் சட்டம் என்று நாய் வேகமாகப் பிரித்துக்கொள்ளும். அவசரமாகப் போய்த் திரும்பவேண்டிய நாளில், நின்று நின்று நடக்க நேரமில்லாத நாளில், நீங்களும் மார்புப் பட்டையையே மாட்டுங்கள். கழுத்துப் பட்டை மாட்டினால் ஒரே சட்டம்தான், விலக்கே இல்லை. சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் எந்தப் பட்டையையும் கொடுக்காதீர்கள். பூனை ஒன்று குறுக்கே போனால் பிள்ளையும் சேர்ந்து போய்விடும்.

ஏழெட்டு மாதத்தில், எல்லாம் கற்றுக்கொண்ட குட்டி திடீரென்று எதுவும் தெரியாதது போல இழுக்க ஆரம்பிக்கும். வயசுக் கோளாறு. பாடம் அழிந்துவிடவில்லை, தெருவின் ஈர்ப்புதான் கூடியிருக்கிறது. திட்டாமல் மறுபடி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். முதல் தடவை பிடித்த நாளைவிட இந்தத் தடவை குறைவாகத்தான் பிடிக்கும்.